வேதாசலம் இறுக்காமல் விட்ட நட்டு

“வண்டி ரெடியாயிடுச்சுன்னா மூஞ்சி மறந்துபூடும். ஒருத்தன், ஒரே ஒருத்தன், நல்லா ஓடுதுய்யான்னு சொல்றதுக்கு இந்தப் பக்கம் வந்துகீறானா?”

காலையில் ஷட்டரைத் தூக்கும்போது வேதாசலம் இதை ஒரு தரம் சொல்வார். மதியம் சோற்றைப் பிசையும்போது ஒரு தரம். சாயந்திரம் மண்ணெண்ணெயில் கையைத் துடைக்கும்போது இன்னொரு தரம். கேட்க ஆள் இருந்தால் ஆளிடம் சொல்வார். இல்லாவிட்டால் பெஞ்சு மேல் பிரித்துப் போட்ட மோட்டாரிடம் சொல்வார். மோட்டார் பதில் பேசாது என்பதால் கொஞ்சம் சத்தமாகவே சொல்வார்.

திருத்தணி பைபாஸ் ரோட்டில் டயர் கடைக்குப் பக்கத்தில் அவருடைய கடை. முன்னால் வேலை, பின்னால் ஒரு ரூம். அந்த ரூமில்தான் குடித்தனம். முப்பத்தைந்து வருஷமாக லாரிக்கும் காருக்கும் டிராக்டருக்கும் ஒயரிங் வேலை. ஐம்பத்தொன்பது வயசு. அவர் ஒரு ஒயரை இழுத்துக் கட்டினால் அந்த ஒயரை அப்புறம் யாரும் தொட வேண்டியதில்லை என்று ஊரில் பேர். அந்தப் பேர்தான் அவருக்கு வினை. வேலை தெரியாதவன் கடையில் எப்போது பார்த்தாலும் நாலு பேர் நின்று சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள், டீ வந்துகொண்டே இருக்கும். வேதாசலம் கையில் ஒரு தரம் போன வண்டி மூன்று வருஷத்துக்குத் திரும்பாது. அந்த மூன்று வருஷமும் மனுஷன் யாரோடு பேசுவது?

பெண்டாட்டி பிரேமா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரே பெண் பிரியங்கா, புருஷனோடு புனேயில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் வரும்.

“சாப்டியாப்பா?”

“ஆங்.”

“மாத்திரை போட்டியா?”

“ஆங்.”

“சரிப்பா, வெச்சிடட்டா?”

“ஆங்.”

அவளைக் குறை சொல்ல முடியாது. அவளும் வேலைக்குப் போகிறவள், இரண்டு குழந்தைகள். இவரும் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேச மாட்டார். ஆறு நாள் பேசாமல் இருந்தவருக்கு ஏழாவது நாள் வார்த்தை எங்கிருந்து வரும்?

சமையல் அவரே. காலையில் ஒரு குழம்பு வைத்தால் அதுவே மூன்று வேளைக்கும். மறுநாளும் மிச்சம் இருக்கும். ஓட்டலில் போய்ச் சாப்பிடலாம்தான். ஆனால் நாலு பேர் உட்கார்கிற மேஜையில் தான் ஒருத்தன் உட்கார்ந்து இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட அவருக்குக் கூச்சம். சப்ளையர் வந்து “எத்தினி பேர்?” என்று கேட்பான் பாருங்கள், அந்தக் கேள்வியே அவருக்கு ஆகாது.

இப்படி இருந்தவரிடம்தான் ஆடி மாசம் பிறந்த மூன்றாம் நாள் அந்த ஜீப் வந்தது.

பழைய டீசல் ஜீப். டயர் இடுப்பு உயரம். கூரை மேல் வரிசையாக நாலு விளக்கு. ஓட்டி வந்தவர் வேணு, அம்மையார்குப்பத்தில் எட்டு பவர்லூம் வைத்திருந்தவர். ஐம்பது வயசில் தறியை எல்லாம் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, காடு மேடு சுற்றப் போகிறேன் என்று இதை வாங்கியிருக்கிறார். கூட வந்தது அவர் மனைவி அனுசுயா. வேணு சொந்த அத்தை மகன் என்பதால் அவரைக் கூப்பிடுவது பாவா என்று. ஆனால் கூப்பிட்ட வாய் மூடுவதற்குள் திட்ட ஆரம்பித்துவிடும்.

வேணு சொன்னார்: “அண்ணா, இதுல இன்னொரு டைனமோ, இன்னொரு பேட்டரி ஏத்தணும். காட்டுல வண்டியை நிப்பாட்டிட்டு உள்ளயே படுத்துக்குவோம். சின்ன பிரிட்ஜ், ஃபேனு, லைட்டு எல்லாம் ஓடணும்.”

“வூட்லயே பிரிட்ஜ், ஃபேனு, லைட்டு எல்லாம் கீதே. அத்த உட்டுட்டு காட்டுல போய் எதுக்கு?”

“கேளுண்ணா, நல்லா கேளு” என்றாள் அனுசுயா. “நானும் ஒரு வருஷமா கேட்டுகினு தான் இருக்கறேன். பதில் வரல.”

“நீதானடி மொதல்ல ஏறி குந்தின!”

“தறி சத்தம் இல்லாத எடமா கூட்டிம்போறேன்னு சொன்ன. நரகத்துக்குன்னாலும் ஏறியிருப்பேன், பாவா.”

வேதாசலத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து ரொம்ப நாள் ஆனதால் இருமல் போலத்தான் வெளியே வந்தது.

“இருக்கற டைனமோவே ரெண்டு பேட்டரிக்கும் பத்தாதாண்ணா?” என்று வேணு கேட்டார்.

“பத்தாது. அது இன்ஜினுக்குன்னு செஞ்சது. அதுங்கிட்டயே எல்லாத்தையும் கேட்டா, ராத்திரி பூரா பிரிட்ஜ் குடிச்சுட்டு காலைல வண்டி ஸ்டார்ட் ஆவாது. காட்டுல தள்ளறதுக்கு ஆளு வேணும். பழசு இன்ஜினுக்கு, புதுசு உங்க குடும்பத்துக்கு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பேசக் கூடாது. தனித்தனி.”

“மாமியார் மருமக மாதிரி” என்றாள் அனுசுயா.

“ஆங். தனிச் சமையல்.”

வேலை உண்மையில் நாலு நாள் வேலை. பெரிய கார் ஒன்றிலிருந்து கழற்றிய டைனமோ, இன்ஜின் பக்கத்தில் அதை நிறுத்த ஒரு தாங்கி. லேத்துப் பட்டறையில் அதை அடித்துவர ஒரு நாள். பெல்ட் ஓடுகிற சக்கரம் மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும், நூல் கட்டிப் பார்த்து சரி செய்ய ஒரு நாள். ஓடுகிற தறியில் நூல் விலகினால் எப்படித் தெரியுமோ அப்படி வேணு கண்ணுக்கு அது உடனே தெரிந்தது. “அரை நூலு வெளிய கீது, அண்ணா” என்றார். அளந்தால் சரியாக அரை நூல், அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. வேதாசலத்துக்கு மனுஷனைப் பிடித்துப்போனது அங்கேதான்.

புருஷனும் பெண்டாட்டியும் தினமும் காலை பத்து மணிக்கு வந்து, சாயந்திரம் ஆர்.கே.பேட்டை பஸ் பிடிப்பார்கள். வண்டியை ஒருத்தரிடம் விட்டுவிட்டு வீட்டில் உட்கார வேணுவுக்கு முடியவில்லை. வேணுவை நம்பித் தனியாக அனுப்ப அனுசுயாவுக்கு முடியவில்லை. அவள் தூக்கு அடுக்கு நிறையக் கொண்டுவருவாள். கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, ஒரு நாள் கேழ்வரகுக் கூழும் மோர் மிளகாயும். முதல் நாள் வேதாசலம் பின்னால் போய்த் தன் பாத்திரத்தைத் திறந்தார். அனுசுயா எட்டிப் பார்த்தாள்.

“இது இன்னாதுண்ணா?”

“சாம்பாரு.”

“எப்ப வெச்சது?”

“நேத்து.”

“எந்த நேத்து?”

பதில் வருவதற்குள் பாத்திரம் வெளியே போய்க் கவிழ்ந்துவிட்டது. கடை வாசலில் ஒரு பலகையைப் போட்டு மூன்று பேரும் சாப்பிட்டார்கள். அவருக்கு இரண்டாம் தரம் சோறு போடும்போது “போதும்” என்றார். அவள் காதில் வாங்கவில்லை. போதும் என்று சொன்னபிறகும் போடுகிற கை ஒன்று இருக்கிறது என்பதையே அவர் மறந்திருந்தார்.

நாலு நாள் வேலை ஒன்பது நாள் ஆயிற்று. பொய் ஒன்றும் சொல்லவில்லை. சுற்றிய டேப்பைப் பிரித்துத் திரும்பச் சுற்றினார். நன்றாக இருந்த கேபிளை, “இன்னும் ஒரு சுத்து பெருசா இருந்தா நல்லது” என்று மாற்றினார். சுவிட்ச் எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதற்கு ஒரு முழுநாள் பஞ்சாயத்து. இடது பக்கம் என்று வேணு, வலது பக்கம் என்று அனுசுயா, தீர்ப்புச் சொல்ல வேதாசலம். எத்தனை வருஷம் கழித்து ஒரு வீட்டுச் சண்டைக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறார்! தீர்ப்பை வேண்டுமென்றே மறுநாளைக்குத் தள்ளிவைத்தார்.

பிரிட்ஜில் என்ன வைப்பீர்கள் என்று அவர் கேட்டதுண்டு. “சோடா, தயிரு. மீனு கெடச்சா மீனு” என்று வேணு சொன்னார். அனுசுயா பேச்சை மாற்றிச் சோற்றுக்குக் கூப்பிட்டாள்.

ஒன்பதாம் நாள் பிரிக்கவும் சுற்றவும் ஒன்றும் மிச்சம் இல்லை. மீட்டர் வைத்துப் பார்த்தார்கள். புது பேட்டரிக்கு பதினாலு புள்ளி இரண்டு வோல்ட் ஏறியது. பிரிட்ஜ் சிணுங்கிக்கொண்டு ஓடியது. வேணு சின்னப்பிள்ளை மாதிரி நாலு விளக்கையும் பட்டப்பகலில் போட்டுப் போட்டு அணைத்தார். அனுசுயா தட்டில் வெற்றிலை பாக்கு, ஒரு வேட்டி, பேசிய கூலி எல்லாம் வைத்து நீட்டினாள்.

“எப்ப கெளம்பறீங்க?” என்றார் வேதாசலம்.

“கிருத்திகை முடியட்டும்ணா. கூட்டமெல்லாம் வடியட்டும். அதுவரைக்கும் ஊருக்குள்ளவே ஓட்டிப் பாக்கறோம்” என்றார் வேணு. அப்புறம் கையைக் கூப்பி, “இனிமே உங்களத் தொந்தரவு பண்ண மாட்டோம்” என்றார்.

நல்ல மனசோடு சொன்ன வார்த்தைதான். வேதாசலம் காதில் ‘இனிமே வர மாட்டோம்’ என்றுதான் விழுந்தது.

“கடைசியா ஒரு தரம் பாத்துடறேன்” என்று ஜீப்பின் பின்பக்கம் ஏறினார். புது பேட்டரியின் மைனஸ் கேபிள் வண்டியின் சட்டத்தில் வந்து முடிகிற இடத்தில் ஒரு நட்டு. எர்த்து நட்டு என்பார்கள். மின்சாரம் திரும்பிப்போகிற வழி அது. மீட்டர் வைத்தபோது இறுக்கமாகத்தான் இருந்தது. அதை அவர் ஸ்பேனரால் தளர்த்தினார். பிறகு விரலால் மட்டும் திருகி நிறுத்தினார். மேலே ரப்பர் மூடியைப் போட்டார். இறங்கினார்.

அவ்வளவுதான். அரை நிமிஷம்.

மேடு பள்ளத்தில் ஓடினால் இரண்டு மூன்று நாளில் அந்த நட்டு ஆட்டம் கண்டுவிடும். புது பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது. முன்னால் இருக்கிற சிவப்பு விளக்கு அதைக் காட்டிக்கொடுக்காது, அது பழைய டைனமோவோடு சேர்ந்தது. பேட்டரி தீர்ந்து பிரிட்ஜ் நின்ற பிறகுதான் தெரியும். சோடா சுடும், தயிர் புளிக்கும். அனுசுயா வேணுவைத் திட்டுவாள். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு திருத்தணிக்கு வருவார். இன்னும் இரண்டு நாள், மூன்று நாள் பலகையைப் போட்டு உட்காரலாம். இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. யாருக்கும் ஒன்றும் ஆகாது. இப்படித்தான் கணக்குப் போட்டார்.

முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு வண்டியிலும் அவர் இப்படிச் செய்ததில்லை. செய்துவிட்டு அன்றைக்குத் தூக்கம் வராமல் புரண்டார் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அப்படியெல்லாம் இல்லை. நன்றாகத் தூங்கினார். அவர்கள் திரும்ப வரப்போகிறார்கள் இல்லையா.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு டீயைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அனுசுயா.

“அண்ணா, கெளம்பிட்டோம்! பள்ளிப்பட்டுல டிபன் துன்னுட்டு மலைக்குப் போறோம்.”

“கிருத்திகை கழிச்சுன்னு சொன்னீங்களே?”

“கிருத்திகைக்கு பாவாவோட அக்கா, தங்கச்சி, அவங்க சம்மந்தி, இருபது பேரு வரேன்னு போன் பண்ணாங்கண்ணா. யாரு வடிச்சுக் கொட்டறது? பாவாவ எழுப்பி, வண்டிய எடுன்னேன். பத்து நாளு மலையில சுத்திட்டுத்தான் வருவோம்.” சிரித்தாள். “உங்க புண்ணியத்துல ஊசி மருந்து பத்து நாளைக்கும் பிரிட்ஜுல வெச்சிட்டேன். இதுக்கு மின்னாடி ஒரு ராத்திரி எங்கயும் தங்க முடியாது. ஐஸ் தேடிகினு அலையணும்.”

“இன்னா ஊசிம்மா?”

“சக்கரைக்குண்ணா. இன்சுலின். நாலு வருஷமா போட்டுகினு கீறேன். சொன்னா ஆளாளுக்கு வைத்தியம் சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க, பாவக்காய் ஜூஸ் குடி, வெந்தயம் துன்னுன்னு. அதான் யார்கிட்டயும் சொல்றதில்ல.”

அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். “வண்டிய நிப்பாட்டுமா, பின்னால ஒரு நட்டு கீது, இறுக்கச் சொல்லு” என்றால் வேலை முடிந்தது. ஆனால் சொன்னால் வேணு ரப்பர் மூடியைத் தூக்கிப் பார்ப்பார். அரை நூல் விலகினாலே கண்டுபிடிக்கிற ஆள். இது எப்படி லூசாச்சு என்று கேட்பார்.

“பத்திரமா போய்ட்டு வாங்கம்மா” என்றார் வேதாசலம். போனை வைத்துவிட்டார்.

டீ ஆறியது. ஏடு படிந்தது. திரும்பக் கூப்பிட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. இன்னொரு தரம், அதேதான். மூன்றாம் தரமும் அதே பெண் அதே குரலில் அதையே சொன்னாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனரையும் ஒரு துண்டு உப்புத்தாளையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டிவிஎஸ் ஃபிஃப்டியைக் கிளப்பினார். ஷட்டரை இறக்கவில்லை.

ரோடு முழுக்கக் காவடி. பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்தும் அதற்கு அந்தாண்டையிலிருந்தும் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு ஜனம் திருத்தணி மலையைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. அத்தனை பேரும் இந்தப் பக்கம், இவர் ஒருத்தர் மட்டும் அந்தப் பக்கம். ஓரமாக, மண்ணில் இறங்கி, தட்டுத் தடுமாறிப் போனார்.

“பெரியவரே, மலை அந்தாண்ட கீது!” என்று ஒருத்தன் கத்தினான். கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

பள்ளிப்பட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்து டிபன் கடையில் விசாரித்தார்.

“மேல நாலு லைட்டு வெச்ச ஜீப்பா? இப்பத்தான் போச்சு. அந்தம்மா சட்னியில உப்பு இல்லன்னு ஒரு சண்ட போட்டுட்டு போச்சு” என்றார் கல்லாவில் இருந்தவர்.

அவர்கள்தான்.

ஆந்திர எல்லை தாண்டியதும் கடைப் பலகைகள் எல்லாம் தெலுங்குக்கு மாறின. வண்டி முக்கியது. ஐம்பது தாண்டாத வண்டி, ஏற்றத்தில் இருபதுக்கு வந்தது. இனி அவர்கள் மலை ரோட்டில் ஏறிவிட்டால் பிடிக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். இன்றைக்கு ராத்திரி பிரிட்ஜ் நிற்கும், அல்லது நாளைக்கு. அந்த மருந்து கெட்டுப் போனது பார்த்தால் தெரியுமா தெரியாதா என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. கெட்டது தெரியாமல் போட்டுக்கொண்டால்? தெரிந்து போடாமல் விட்டால்? காட்டில் அவள் தலை சுற்றி விழுந்தால் தூக்கிக்கொண்டு ஓட அந்த ஒரு மனுஷன்தான் இருக்கிறார்.

ஏழெட்டு கிலோமீட்டர் போனபிறகு ஓர் ஏரிக்கரை. கரை மேல், ரோட்டில் போகிறவர்கள் எல்லோரும் பார்க்கும்படி, ஜீப் நின்றது. பின்கதவு திறந்து கிடந்தது. வேணு மடக்கு நாற்காலியில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். அனுசுயா சின்ன அடுப்பில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். தன் பிரிட்ஜில் இருந்து தன் பாலை எடுத்துத் தன் வண்டிப் பக்கத்தில் டீ போட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அந்த ஆசை இருபது நிமிஷம் தாமதப்படுத்தியதால்தான் இவர் பிடித்தார்.

“யார்ரா இது, நம்ம அண்ணா மாதிரி கீது” என்று வேணு எழுந்தார்.

வேதாசலம் வண்டியைச் சாய்த்து நிறுத்தினார். நேராக ஜீப்பின் பின்பக்கம் ஏறினார். மூடியைத் தள்ளினார். நட்டு இரண்டு சுற்றுக் கழன்றிருந்தது. கேபிள் முனை லேசாகக் கறுத்திருந்தது. கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, திரும்ப மாட்டி, ஸ்பேனர் போட்டு, இதற்கு மேல் திரும்பாது என்கிற வரைக்கும் இறுக்கினார். “இன்ஜின ஸ்டார்ட் பண்ணுங்க” என்றார். வேணு ஸ்டார்ட் செய்தார். மீட்டரை எடுத்துவர வேதாசலம் மறந்திருந்தார். வேணுவிடம் ஒன்று இருந்தது. பதினாலு புள்ளி இரண்டு. பிரிட்ஜில் கையை விட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது. அந்தச் சின்ன மருந்துக் குப்பிகள் கதவுத் தட்டில் வரிசையாக நின்றன.

இறங்கினார். அனுசுயா டம்ளரில் டீயை நீட்டினாள்.

“ஒரு நட்டு இறுக்க மறந்துட்டீங்களாண்ணா? அதுக்கா இம்மாந்தூரம் வந்தீங்க?” அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். “பாத்தியா பாவா? ஒரு நட்டுக்கு! உன் தறி மெக்கானிக்கு வீரபத்திரன், பக்கத்துத் தெருவுல இருந்துகினு நாலு தரம் ஆள் உட்டாத்தான் வருவான். இந்த மாதிரி மனுசன் எங்க கெடைப்பான்?”

அதை அப்படியே வாங்கிக்கொண்டிருக்கலாம். ஆங் என்று ஒரு வார்த்தை. டீயைக் குடித்துவிட்டு, நல்ல பேரோடு திரும்பியிருக்கலாம். பத்து நாள் கழித்து அவர்களும் வந்திருப்பார்கள், தூக்கு அடுக்கோடு வந்திருப்பார்கள். அவர் ஆசைப்பட்டது அத்தனையும் அந்த டம்ளரோடு கைக்கு வந்திருந்தது.

“மறக்கலம்மா” என்றார்.

“இன்னாண்ணா?”

“இறுக்கித்தான் வெச்சிருந்தேன். நானே கழட்டி உட்டேன். பிரிட்ஜ் நின்னுபோனா நீங்க திரும்பி வருவீங்கன்னு. ஊசி மருந்து வெப்பீங்கன்னு எனக்குத் தெரியாது. தெரியாதுன்றது ஒரு சாக்கு. தெரிஞ்சாலும் தெரியாட்டியும் செய்யக் கூடாத வேலை.”

வேணுவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் முகம் சிவந்தது.

“கூலிக்கா? இன்னும் வேணும்னா வாய உட்டுக் கேட்டிருக்கலாமேய்யா!”

“கூலிக்கு இல்ல.”

“பின்ன எதுக்கு?”

வேதாசலம் ஏரியைப் பார்த்தார். அறுபதை நெருங்குகிற ஆம்பிளை, ‘நீங்க வாசல்ல குந்தி சாப்ட்டது நல்லா இருந்துச்சு’ என்று எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. ஆனால் அனுசுயாவுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடுப்பை அணைத்தாள்.

“சோத்துக்கு வாங்கன்னு ஒரு வார்த்த கூப்ட்டிருந்தா வந்திருப்போமேண்ணா” என்றாள். “நானே கொண்டாந்திருப்பேனே. அதுக்கு எதுக்கு நட்ட கழட்டன?”

அவர் ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டார்.

“ஏறுடி” என்றார் வேணு. “இந்தாளு கை வெச்ச ஒவ்வொரு நட்டையும் நான் திரும்பப் பாத்துட்டுத்தான் மலை ஏறணும்.” சொன்னபடியே பார்த்தார். வெயிலில் ஒரு மணி நேரம், ஒவ்வொன்றாக. வேதாசலம் ஓரமாக நின்றார். உதவி செய்யப் போனவரை வேணு கையால் தடுத்துவிட்டார். மற்ற நட்டுகள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஜீப் கிளம்பியபோது அனுசுயா திரும்பிப் பார்க்கவில்லை. ஏரிக்கரையில் அந்த டீ டம்ளர் மட்டும் இருந்தது. அதை அலம்பி எடுத்துவந்தார்.

பத்து நாள் கழித்து அவர்கள் நல்லபடியாகத் திரும்பினார்கள். பைபாஸ் ரோட்டில் கடையைத் தாண்டித்தான் ஜீப் போனது, நிற்கவில்லை. வேதாசலம் பெல்ட் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். சத்தம் சரியாக இருந்தது. உள்ளே போய்விட்டார்.

வேணு சும்மா இருக்கவில்லை, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. பெண்டாட்டி உயிரோடு விளையாடியவனைப் பற்றி நாலு பேரிடம் சொல்லாமல் இருப்பாரா? அம்மையார்குப்பத்தில் இருந்து வந்துகொண்டிருந்த டெம்போக்கள் நின்றன. ஊருக்குள் பாதிப் பேர் நம்பவில்லை. “வேதாசலமா? இருக்காது” என்றார்கள். அந்தப் பாதியையும் அவரே கெடுத்துக்கொண்டார். எப்படி என்கிறீர்களா? வண்டியைத் தொடுவதற்கு முன்னால் அவரே சொல்லிவிடுகிறார். லாரி வைத்திருக்கிற ராஜகோபால், இருபது வருஷப் பழக்கம், செல்ப் மோட்டார் பார்க்க வந்தவரிடம் அப்படித்தான் ஆயிற்று.

“மின்னாடியே சொல்லிடறேன். நான் ஒரு வண்டியில வேணும்னே எர்த்து நட்ட கழட்டி உட்டவன். அதுல சக்கரை ஊசி மருந்து இருந்துச்சு. தெரிஞ்சுகினு வண்டிய உடு.”

“அத்த எதுக்குய்யா எங்கிட்ட சொல்ற? யாரு கேட்டா?”

“தெரியாம உடக்கூடாது இல்ல.”

ராஜகோபால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அப்புறம் “இன்னொரு நாளைக்கு வரேன்” என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த இன்னொரு நாள் இன்னும் வரவில்லை. பத்துப் பேர் வந்தால் ஆறு பேர் இப்படித்தான். மிச்சம் நாலு பேர் விடுகிறார்கள். அந்த நாலு வண்டியும் வழக்கம்போல மூன்று வருஷத்துக்குத் திரும்பாது.

பிரியங்காவிடமும் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் வெச்சிடட்டா என்று கேட்டபோது “வெக்காத, ஒரு விஷயம்” என்று ஆரம்பித்து, முழுசாகச் சொன்னார். அவள் போனை வைக்காமல் கேட்டாள். அப்புறம் “தீபாவளிக்கு வரேம்பா” என்றாள். டிக்கெட் கிடைத்ததா என்று இன்னும் தெரியாது.

நீங்கள் எப்படியும் திருத்தணிக்கு வருவீர்கள். மலை ஏறி இறங்கிய பிறகு சென்னை ரயிலுக்கோ திருப்பதி பஸ்ஸுக்கோ ஒரு மணி நேரம் இருக்கும், அதை பஸ் ஸ்டாண்டில் கொசுக்கடியில் கழிப்பீர்கள். அதற்குப் பதில் பைபாஸ் ரோட்டுக்கு ஓர் ஆட்டோ பிடியுங்கள். டயர் கடைக்குப் பக்கத்தில் பச்சை ஷட்டர், வெளியில் பழைய பேட்டரி இரண்டு கிடக்கும். வண்டி இருந்துதான் போக வேண்டும் என்று இல்லை. அவர் முதலில் அந்த நட்டு விஷயத்தைத்தான் சொல்வார். குறுக்கே பேசாமல் கேளுங்கள். பரவாயில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள், பரவாயில்லை என்று விடுகிற விஷயம் இல்லை அது, அவருக்கும் தெரியும். கேட்டு முடித்ததும் கிளம்பிவிடாதீர்கள், அங்கே ஒரு ஸ்டூல் இருக்கிறது, உட்காருங்கள். மதியமாக இருந்தால் ஒரு டப்பாவில் குழம்பு எடுத்துக்கொண்டு போங்கள். அவர் டப்பாவை உடனே கழுவித் தர வருவார். வேண்டாம், அடுத்த தரம் வரும்போது வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.